உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும்

(திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்து வீடுகளில் விருந்தாளி வந்து இறங்கியதும் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் தண்ணீரைப் பற்றியது. "கொல்லைக் குழாய்ல வாய் கொப்பளிக்காதீங்க மாமா, அது உப்புத் தண்ணி. அந்தக் குடத்துல இருக்கறதுதான் நல்ல தண்ணி." வெளியூரிலிருந்து வந்தவருக்கு வியப்பாக இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர், இரண்டு குழாய், இரண்டு பெயர். நமக்கு அது பழகிப் போன ஒன்று.

நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு அவற்றுக்குள் இருக்கிறது. கூடவே ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. 'உப்பு' என்று நாக்கு சொல்வது எல்லாம் கெடுதல் இல்லை. 'நல்ல' என்று நாக்கு சொல்வது எல்லாம் நல்லதும் இல்லை.

முதலில் இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

மழை பெய்யும்போது அந்தத் தண்ணீரில் உப்பு என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. கீழ்ப்பழனி மலைச் சரிவில் விழும் மழை, பாறைமேல் ஓடி, ஓடைகளாகச் சேர்ந்து, நம் ஆத்தூரின் காமராசர் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. பாறையோடு அது உறவாடும் நேரம் குறைவு. அதனால் ஓடி வரும் தண்ணீர் மென்மையாகவே வந்து சேர்கிறது. 23.5 அடி உயரத்துக்குத் தேங்கும் இந்த நீரைத் திண்டுக்கல் நகரம் பல பத்தாண்டுகளாகக் குடித்து வருகிறது.

அதே மழை சமவெளியில் விழுந்து மண்ணுக்குள் இறங்கினால் கதை வேறு. மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு அந்த நீர் மெல்லிய அமிலமாக மாறுகிறது. நம் மண்ணில் கிணறு வெட்டுகிறவர்கள் சுக்கான் கல் என்று ஒன்றைச் சொல்வார்கள். வெள்ளையாக, கட்டி கட்டியாக வரும் சுண்ணாம்புக் கல். மெல்லிய அமிலம் அதைக் கரைக்கும். கீழே இருக்கும் கருங்கல் பாறையையும் ஆண்டுக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து அதிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டும் கரைந்த நீர்தான் கடின நீர். 'போர் ஆழமாப் போட்டா தண்ணி நல்லா இருக்கும்' என்று நம்புகிறோம். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. ஆழத்தில் இருக்கும் நீர் பாறையோடு அதிக காலம் கிடந்த நீர்.

எங்கள் வீட்டில் அம்மா துவரம்பருப்பை எப்போதும் குடத்துத் தண்ணீரில்தான் வேக வைப்பார். உப்புத் தண்ணீரில் போட்டால் எத்தனை விறகு எரித்தாலும் பருப்பு கல்லு மாதிரி கிடக்கும் என்பார். அதற்கான காரணத்தைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் நான் படித்தேன். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். நீரில் இருக்கும் கால்சியம் அந்தப் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. பருப்பு குழையாது. சிலர் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவது அந்த இறுக்கத்தைத் தளர்த்தத்தான். பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு முடிவு தெரிந்திருந்தது, காரணம்தான் தெரியாது.

இப்போது மேசைமேல் இருக்கும் மூன்று பாட்டில்களைப் பாருங்கள். ஒன்றில் நான் பிடித்து வைத்த மழைநீர். ஒன்றில் குடிநீர்க் குழாய் நீர். மூன்றாவதில் புதிதாக வீட்டுமனை போட்ட இடத்து ஆழ்துளைக் கிணற்று நீர். மூன்றிலும் ஒரே அளவு. குளியல் சோப்பைக் கரைத்த நீரை, துணி துவைக்கும் பவுடரை இல்லை, சோப்பைத்தான், சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குகிறேன். மழைநீரில் சில சொட்டிலேயே நுரை நின்றுவிட்டது. குழாய் நீரில் இன்னும் கொஞ்சம் ஆகிறது. போர் நீரில் விட விடத் திரிதிரியாகப் படிகிறதே தவிர நுரை வரவில்லை. பாட்டிலை முன்வரிசைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அந்தத் திரிதான் வாளி விளிம்பில் அழுக்கு வளையமாக ஒட்டுவது, வெள்ளை வேட்டியைப் பழுப்பாக்குவது, தலைமுடியைப் பிசுபிசுப்பாக்குவது.

ஒரு சின்னக் கணக்கு. இந்திய தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு 2012-இல் வெளியிட்ட தரவரையில், கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்த 600 மில்லிகிராம் கடினமுள்ள நீரை 20 லிட்டர் வாளியில் பிடித்தால் அதில் 12 கிராம் சுண்ணாம்புக்கு ஈடான கடினம் இருக்கிறது. அது முழுவதையும் சோப்பே தீர்க்க வேண்டுமென்றால் சுமார் 70 கிராம் சோப்பு திரியாகிப் போக வேண்டும். ஒரு முழு சோப்புக் கட்டி! அதற்குப் பிறகுதான் நுரை, அதற்குப் பிறகுதான் அழுக்கு. மாதம் முடிவில் மளிகைக் கடைச் சிட்டையில் சோப்புக் கணக்கு ஏன் ஏறுகிறது என்று இனி யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். 1,000 லிட்டர் மாடித் தொட்டி நிறைய அந்த நீரை ஏற்றினால், அரைக் கிலோவுக்கு மேல் சுண்ணாம்பை மாடிக்கு ஏற்றியிருக்கிறோம் என்று பொருள்.

அதே 12 கிராம் கடினத்தை எடுக்க, நீரற்ற சலவை சோடா 13 கிராம் போதும். சோப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, விலையும் மிகக் குறைவு. துவைக்கும் நீரில் முதலில் சோடாவைக் கரைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் பிறகு சோப்புப் போட வேண்டும். இதை வெளிநாட்டு விஞ்ஞானி வந்து நமக்குச் சொல்லித்தரவில்லை. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணை அள்ளி வந்து துணியை நனைத்து வெள்ளாவி வைத்தார்களே, அந்த உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். சலவை சோடாவும் அதுதான். ஊருக்கே வெள்ளை வேட்டி கொடுத்தவர்கள் அவர்கள். அந்த வேலையை இழிவென்று சொல்லி ஊர் அவர்களை ஒதுக்கி வைத்தது, அவர்கள் கையில் இருந்த வேதியியலை மதிக்கவில்லை. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

அரப்பும் சீயக்காயும் அப்படித்தான். உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த அரப்பு நம் வறண்ட சீமைக்கே உரிய பொருள். சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து திரியும். அரப்பிலும் சீயக்காயிலும் நுரை தருவது சபோனின் என்ற வேறு வகைப் பொருள், அது அப்படித் திரியாது. உப்புத் தண்ணீர் ஊர்களில் பாட்டிமார் கூந்தல் மினுமினுத்ததற்கு இது ஒரு காரணம்.

பாத்திரத்து வெள்ளைப் படிவுக்கு வருகிறேன். சுண்ணாம்பு கரைந்த நீரைக் கொதிக்க வைத்தால் கடினத்தில் ஒரு பகுதி படிந்துவிடும். அதைத் தற்காலிகக் கடினம் என்போம். வெந்நீர்த் தவலையின் அடியில் ஓடு கட்டுவது அதுதான். கீசரின் சுருளிலும் அதுதான் கட்டுகிறது. ஓடு கட்டிய சுருள் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கத் திணறி, மின்சாரத்தைத் தின்று, கடைசியில் கருகிவிடும். புளி போட்டுத் தேய்த்தால் ஓடு கரையும், அமிலம் சுண்ணாம்பைக் கரைப்பதால். சல்பேட், குளோரைடு வடிவில் இருக்கும் மீதிக் கடினம் கொதிக்க வைத்தாலும் போகாது.

இடையில் ஒன்று. தேற்றாங்கொட்டையை இழைத்துப் போட்டால் கலங்கல் தெளியும், அது உண்மை. உப்பு போகாது. தெளிவு வேறு, மென்மை வேறு, தூய்மை வேறு. இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

"சார், இந்தத் தண்ணி குடிச்சா கல்லு வருமா?" எந்தக் கூட்டத்திலும் எழும் கேள்வி. பாத்திரத்தில் படிவதைப் பார்த்துச் சிறுநீரகத்திலும் படியும் என்று பயப்படுவது இயல்பு. கடின நீருக்கு உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. உணவிலும் நீரிலும் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றவும் செய்கிறது. நம் வெயிலில் வயலிலும் தறியிலும் வேலை செய்து, வியர்வையாய்க் கொட்டி, போதிய தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் மஞ்சளாக இறங்குவதுதான் கல்லுக்கு முக்கியமான வழி. சுவை பிடிக்கவில்லை என்று தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஏற்கெனவே கல் வந்தவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

இனி நாக்குக்குத் தெரியாதவற்றைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் உங்களை அழைத்து வந்தேன்.

முதலாவது, புளோரைடு. திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சில ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை இருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நம் தாலுகாவிலேயே இருக்கும் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை இதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்திருக்கிறது. புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை சரி, 1.5-ஐத் தாண்டக் கூடாது. தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் முதலில் பல், பிறகு எலும்பு. இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது புளோரைடைக் கட்டிப்போட்டு வைக்கும். கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த போர் நீரில் புளோரைடு ஏறும். அதாவது, சோப்பு நன்றாக நுரைக்கிற, வாய்க்கு இதமான போர் தண்ணீரிலேயே புளோரைடு ஒளிந்திருக்கலாம். 'எங்க போர்ல இனிப்புத் தண்ணி' என்று மகிழ்கிற வீட்டுக்காரர்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். காய்ச்சினாலும் புளோரைடு போகாது.

இரண்டாவது, நைட்ரேட். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகவே கூடாது, இதற்கு விதிவிலக்கே கிடையாது. தோட்டத்தில் அள்ளிப் போடும் யூரியாவிலிருந்தும், புதுவீடுகளின் கழிவுநீர்க் குழியிலிருந்தும் நிலத்தடிக்கு இறங்குவது. மூன்று சென்ட் மனையில் முன்பக்கம் போர், பின்பக்கம் கக்கூஸ் குழி என்று கட்டுகிறோமே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், இரண்டுக்கும் நடுவில் எத்தனை அடி விட்டோம்? கைக்குழந்தைக்குப் பால் பவுடரை இந்த நீரில் கலக்கினால் அதன் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கத் தடுமாறும், உடல் நீலம் பாயும். நைட்ரேட் உள்ள நீரைக் காய்ச்சிச் சுண்ட வைத்தால் செறிவு கூடத்தான் செய்யும்.

மூன்றாவது, கிருமி. இது குழாய்த் தண்ணீரிலும் வரும். நான்கு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடும் ஊரில், விடாத நாள்களில் குழாய் காலியாகக் கிடக்கும். காலிக் குழாய், கசிவு இருக்கும் இடத்தில் பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுக்கும். போதாதென்று சிலர் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அந்த உறிஞ்சலில் தெருமுழுக்கக் கசிவு உள்ளே வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அதில் அந்த மோட்டாருக்கும் பங்கு உண்டு. தயவுசெய்து கழற்றிவிடுங்கள். குழாய் நீரில் லேசாகக் குளோரின் வாசம் வந்தால் முகம் சுளிக்காதீர்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. வாசமே இல்லாத நாளில்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இந்த மூன்றையும் விட்டுவிட்டு வெள்ளைப் படிவுக்கு மட்டும் பயப்படுகிறோம், அந்தப் பயத்தை விலைபேச ஆள் வருகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கும் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். இரண்டு டம்ளரில் எங்கள் குழாய் நீர் ஒன்று, அவர் கொண்டு வந்த நீர் ஒன்று. இரண்டிலும் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். எங்கள் டம்ளரில் பழுப்பும் பச்சையுமாகச் சேறு பொங்கியது. அவருடைய டம்ளர் தெளிவாக இருந்தது. "பாருங்க அம்மா, இதைத்தான் தினமும் குடிக்கிறீங்க" என்றார். என் மனைவி பயந்துபோனாள். அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததில்லை, அவர் வைத்த கம்பி கரைந்து வந்த துரு. உப்புள்ள நீரில் மின்சாரம் ஓடும், கம்பி அரிக்கும். உப்பே இல்லாத நீரில் மின்சாரம் ஓடாது, அதனால் ஒன்றும் நடக்காது. காவிரி நீரில் வைத்தாலும் இதேதான் நடக்கும். இதைக் காட்டி ஒரு குடும்பத்தின் பணத்தை வாங்குவது மோசடி.

இப்படி விற்கப்படும், நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. கருவியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். புளோரைடு ஏறிய வீட்டுக்கு அது வேண்டும். கரைந்த உப்புகள் மிக அதிகமான வீட்டுக்கும் வேண்டும். ஆனால் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே கரைபொருள் உள்ள நீருக்கு ஆர்.ஓ.வைத் தடை செய்யுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும் கருவிகள் நம் வீடுகளில் ஓடுகின்றன. அந்தக் கழிவில் உப்பு கூடியிருக்கும். அதை வாசல் குழியில் விடுகிறோம், அது திரும்ப நம் போருக்கே இறங்குகிறது. சோப்பு நுரைக்க வேண்டும் என்று வாங்கும் மென்னீர்க் கருவியும் அப்படித்தான், மாதந்தோறும் மூட்டையாய் வாங்கிப் போடும் உப்பைக் கழுவி மண்ணில்தான் விடுகிறது.

மண்ணில் விட்ட உப்பு எங்கும் போகாது. இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம், திண்டுக்கல்லைப் பாருங்கள். அங்குள்ள தோல் ஆலைகளில் தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பும், பதனிடப் போட்ட வேதிப்பொருள்களும் பல்லாண்டு வெளியே விடப்பட்டதன் கதை அது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பில் நம் மாவட்டமும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் வட்டாரங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு அந்த வழக்கில் வைக்கப்பட்டது. மொத்தம் 467 கிணறுகள், அவற்றில் கெட்டுப்போனவை 350. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. தோல் தொழிலை நம்பிய ஏழைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தீர்ப்பு வந்தது, கிணறுகள் திரும்ப வரவில்லை. குடகனாற்றின் மேல்பக்கத்தில் இருக்கும் நாம் அந்தத் துன்பத்திலிருந்து தப்பினோம். இப்போது வீட்டுக்கு வீடு ஒரு சின்னக் குழாய் வழியாக அதே தவற்றை நாமே செய்யத் தொடங்கியிருக்கிறோம்.

சரி, என்ன செய்வது?

வானத்தைப் பாருங்கள் என்பேன். ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால் 74,000 லிட்டர். வீணாவதைக் கழித்தாலும் 60,000 தேறும். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 7,300 லிட்டர் போதும். எட்டு மடங்கு நம் தலைமேல் கொட்டுகிறது! 2003-இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது போட்ட குழாய்கள் எத்தனை வீட்டில் உடைந்து தொங்குகின்றன? எங்கள் அம்மா முற்றத்தில் நான்கு கம்பு நட்டு, வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கல்லை வைத்து மழையைப் பிடிப்பார். முதல் மழையை விட்டுவிடுங்கள், மாடியைக் கழுவட்டும். அடுத்த மழையை வடிகட்டி, வெளிச்சம் புகாத மூடிய தொட்டியில் சேருங்கள், காய்ச்சிக் குடியுங்கள். பருப்பும் வேகும், காப்பியும் மணக்கும். உப்புத் தண்ணீர் கழுவவும் செடிக்கும் இருக்கட்டும், அதற்கு அது போதும்.

அடுத்தது சோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது. ஊராட்சிகளுக்குக் கையடக்கச் சோதனைப் பெட்டி உண்டு, பெண்களுக்கு அதில் பயிற்சியும் தருகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையின் கடைசியில் ஒன்று, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒன்று, உங்கள் போர் நீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக் கொண்டு போய்க் கொடுங்கள். கடினத்தன்மை மட்டும் கேட்காதீர்கள். புளோரைடு, நைட்ரேட், கிருமி மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்காதீர்கள், குறிப்பாகத் தாய்மார்கள் வர வேண்டும். நம் மேல்நிலைத் தொட்டி ஒவ்வொன்றின் சோதனை முடிவையும் அந்தச் சபையில் எண்களோடு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்த தாளை ஊராட்சி அலுவலகச் சுவரில், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில், ஒட்டச் சொல்லுங்கள்.